மறுபடியும் மாரியோவா? கன்சோல் கம்பெனிகளும் அவங்க விடாத பழைய பெயர்களும்



கீழே இருக்கிற நாலு பெயர்களை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.

நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (2006)
நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ (2009)
நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 (2012)
நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ (2012)

நாலுலயும் முதல் வார்த்தை "நியூ". ஆனா கடைசி இரண்டின் ஸ்க்ரீன்ஷாட்டை பக்கத்துல பக்கத்துல வெச்சா, எது எந்த கேம்னு கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். அதே பச்சைக் குழாய், அதே ஆமைகள், அதே பாணி இசை, மறுபடியும் கடத்தப்படுகிற அதே இளவரசி. இரண்டும் வந்தது ஒரே வருஷத்துல, சில மாத இடைவெளியில். ஒன்று 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு, இன்னொன்று வீ யூ கன்சோலுக்கு.

"ஒரே மாவை எத்தனை தடவைதான் அரைப்பாங்க?" என்ற கேள்வி இங்கதான் வருது. நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் மூணு பேருமே தங்களோட பழைய ஃப்ரான்சைஸ்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துறாங்களா? ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். ஆனா அது நியாயமா இருக்காது. ஏன் இப்படிச் செய்றாங்க, எப்போ அது சரி, எப்போ அது ஏமாத்து வேலை என்று கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல காசுக் கணக்கு

பிரிண்டர் வாங்கியிருக்கீங்களா? பிரிண்டர் மலிவாக் கிடைக்கும், இங்க் கேட்ரிட்ஜ் வாங்கப் போனாத்தான் கதை தெரியும். கன்சோல் வியாபாரமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். பெட்டியில் லாபம் குறைவு, சில சமயம் நஷ்டம்கூட. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ஐ சோனி ஆரம்பத்தில் தயாரிப்புச் செலவை விடக் குறைவான விலைக்குத்தான் விற்றது. அந்தப் பணத்தை கேம் விற்பனையிலும், மற்ற கம்பெனிகளின் கேம்களில் வரும் பங்கிலும்தான் திரும்ப எடுக்கணும்.

அதுக்கு முதல்ல பெட்டி உங்க வீட்டுக்குள்ள வரணும். கால் ஆஃப் டியூட்டி மாதிரியான கேம்கள் பல கன்சோலில் கிடைக்கும். அதுக்காக யாரும் குறிப்பிட்ட ஒரு பெட்டியைத் தேடிப் போக மாட்டாங்க. "இது இங்க மட்டும்தான் கிடைக்கும்" என்று சொல்ல ஒரு கேம் வேணும். நிண்டெண்டோவுக்கு மாரியோ, ஜெல்டா. மைக்ரோசாஃப்ட்டுக்கு 2001-ல் முதல் எக்ஸ்பாக்ஸோடு வந்த ஹேலோ. சோனிக்கு காட் ஆஃப் வார், அன்சார்டட். அதனால இந்தப் பெயர்களை அவங்க வெறும் கேமாப் பார்க்கிறதில்லை. பெட்டியை விற்கிற சேல்ஸ்மேனாத்தான் பார்க்கிறாங்க.

இரண்டாவது காரணம், தயாரிப்புச் செலவு. 2023-ல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷனை வாங்குவது பற்றிய வழக்கு நடந்தப்போ சோனியின் சில ஆவணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. ரகசிய எண்களை கறுப்பு மார்க்கரால் அடிச்சு மறைச்சிருந்தாங்க. ஆனா ஸ்கேன் செய்ததில் அடியில் இருந்த எழுத்து தெரிஞ்சிடுச்சு! தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 எடுக்க ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு சுமார் 21 கோடி டாலர். நம்ம பணத்தில் ஒவ்வொன்றும் 1,600 கோடி ரூபாயைத் தாண்டும். இவ்வளவு பணத்தையும் பல வருஷத்தையும் போடும்போது, "யாருக்கும் தெரியாத ஹீரோவை வெச்சு ட்ரை பண்ணலாமா?" என்று மீட்டிங்கில் கேட்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

ஆக, பழைய பெயரைப் பிடிச்சுக்கிறது வெறும் சோம்பேறித்தனம் இல்லை, அதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. ஆனா கணக்கு இருக்கு என்பதாலேயே எல்லாம் சரி ஆகிடாது.

அதே முகம், வேற கேம்

மாரியோ முதலில் வந்தது 1981-ல், டான்கி காங் கேமில். அப்போ அவர் பெயர் ஜம்ப்மேன். 1985-ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். நம்ம ஊர் டிவி கேம் கேசட்டில் அக்கா, அண்ணன்மார் விளையாடியது இதுதான். 1992-ல் கார் ரேஸ். 1996-ல் சூப்பர் மாரியோ 64. 2007-ல் சின்னச் சின்ன கிரகங்களைச் சுத்தி ஓடுற சூப்பர் மாரியோ கேலக்ஸி.

இதில் 1996-ஐ மட்டும் கவனிங்க. அதுவரைக்கும் பெரும்பாலான வீடுகளில் மாரியோ என்றால் இடமிருந்து வலம் ஓடுறதுதான். திடீர்னு முப்பரிமாண உலகம், கையில் எந்தப் பக்கமும் சாய்கிற அனலாக் ஸ்டிக், கூடவே ஒரு புதுத் தலைவலி: கேமரா. ஹீரோவை நகர்த்துறது போதாது, பார்வையையும் நாமே திருப்பணும். இதை எப்படிப் புரிய வைக்கிறது? பழைய மாரியோ கேம்களில் மேகத்தில் உட்கார்ந்து முள் ஆமைகளை எறிகிற லக்கிட்டு என்ற வில்லன் இருப்பான். அவன் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துட்டாங்க. கேமின் ஆரம்பத்திலேயே அவன் மாரியோவைப் படம் பிடிச்சுக்கிட்டே வருவான். "ஓ, நான் பார்க்கிறது இவன் எடுக்கிற படம்" என்று விளையாடுறவருக்குப் பாடம் நடத்தாமலே புரிஞ்சிடும்.

பழைய பெயர் உண்மையிலேயே உதவுற இடம் இது. தெரிந்த முகம் கூட இருந்தா, தெரியாத விதிகளைக் கத்துக்க பயம் இருக்காது. இங்க மாரியோ பழசு, கேம் புதுசு. 2012-ல் மாரியோவும் பழசு, கேமும் பழசு. பெயர் எத்தனையாவது தடவை வருது என்று எண்ணிக்கிட்டே இருந்தா இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அந்தப் பெயருக்குள்ள என்ன வருது என்றுதான் பார்க்கணும்.

பெயர் மாத்தின மூணு கேம்கள்

இதுக்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் இருக்கு. புதுசா ஒரு கேம் தயாராகும், அதன்மேல பழைய பெயரை ஒட்டிடுவாங்க. சீனியரோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அட்டையை மட்டும் மாத்துற கதைதான், ஆனா தலைகீழா. உள்ளே இருக்கிறது புதுசு, அட்டை பழசு. மூணு கேஸ் பார்க்கலாம்.

முதல் கேஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2. ஜப்பானில் 1986-ல் வந்த உண்மையான இரண்டாம் பாகம் முதல் பாகத்தைப் போலவே இருந்தது, அதைவிட ரொம்பக் கஷ்டமாகவும் இருந்தது. அமெரிக்கக் கிளை அதை வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதுக்குப் பதிலா 1987-ல் ஜப்பானில் வந்திருந்த டோக்கி டோக்கி பானிக் என்ற சம்பந்தமே இல்லாத கேமை எடுத்து, அதன் ஹீரோக்களை அழிச்சு மாரியோ கூட்டத்தை வெச்சு 1988-ல் வெளியிட்டாங்க. தரையில் இருந்து காய்கறியைப் பிடுங்கி எறிகிற அந்த கேம் இப்படித்தான் மாரியோ கேம் ஆச்சு. இதில் மாரியோவுக்கு லாபம். முகமூடி போட்ட ஷை கை, நடக்கிற வெடிகுண்டு பாப் ஓம்ப், பீச் இளவரசி காற்றில் மிதக்கிறது எல்லாமே இங்கிருந்து வந்து தங்கியவை. ஆனா டோக்கி டோக்கி பானிக்கின் ஹீரோக்கள் யாருன்னு இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது, டைனோசர் பிளானட். இங்கிலாந்தின் ரேர் ஸ்டூடியோ நிண்டெண்டோ 64-க்காக உருவாக்கிய கேம். அதில் இரண்டு ஹீரோக்கள், அதில் ஒருத்தி கிரிஸ்டல். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ இதைப் பார்த்துட்டு, ஹீரோ நம்ம ஸ்டார் ஃபாக்ஸ் மாதிரியே இருக்கானே என்றார். கடைசியில் 2002-ல் அது ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்சர்ஸ் என்ற பெயரில் கேம்க்யூப் கன்சோலுக்கு வந்தது. கிரிஸ்டலுக்கு என்ன ஆச்சு? ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் அவளை வெச்சு விளையாடலாம். அப்புறம் ஒரு படிகத்துக்குள்ள அடைபட்டு, மீதி கேம் முழுக்க ஃபாக்ஸ் வந்து காப்பாத்தக் காத்திருப்பாள். சொந்தக் கதையிலேயே ஹீரோ வேலை போய், காப்பாற்றப்படுற வேலை கிடைச்சது. விண்கலச் சண்டையை எதிர்பார்த்து வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ரசிகர்களில் பலருக்கும் திருப்தி இல்லை.

மூன்றாவது, கிர்பீஸ் எபிக் யார்ன் (2010). நூலும் துணியுமாகவே ஆன ஓர் உலகம். ஜிப்பை இழுத்தா மலை திறக்கும், பட்டனைப் பிடிச்சுத் தொங்கலாம். இதை குட்ஃபீல் என்ற ஸ்டூடியோ, ஃப்ளஃப் என்ற நூல் இளவரசனை ஹீரோவா வெச்சுத்தான் ஆரம்பிச்சது. நடுவில் நிண்டெண்டோ கிர்பியை உள்ளே கொண்டுவந்தது. ஃப்ளஃப் இப்போ இரண்டாவது பிளேயர்.

மூணுலயும் புது ஐடியா பிழைச்சது. ஆனா சொந்தப் பெயரில் பிழைக்கலை. ஃப்ளஃபுக்கு தனியா ஒரு தொடர் வந்திருக்கலாமோ என்னவோ, அந்த வாய்ப்பே வரலை. ஃப்ரான்சைஸ் அதிகமாவதால் வர்ற நிஜமான இழப்பு இதுதான். உங்களுக்கும் எனக்கும் போர் அடிக்கிறது சின்ன விஷயம். நாளைய மாரியோவா வளரக்கூடிய ஒருத்தன் இன்றைய மாரியோவுக்கு எடுபிடியா நின்னுடுறது பெரிய விஷயம்.

சொந்தப் பெயர் கிடைச்ச ஒரு கேம்

சரி, நிண்டெண்டோவில் யாருக்குமே சொந்தப் பெயர் கிடைக்கலையா? கிடைச்சது. அந்தக் கதை வீ யூ தோல்வியோடு பின்னிக் கிடக்கு.

2006-ல் வந்த வீ 10 கோடிக்கு மேல் விற்றது. அதுக்கு அடுத்து வந்த வீ யூ மொத்தமே சுமார் 1.36 கோடிதான். முதல் நாளே மாரியோ கூட வந்தும், அப்புறம் மாரியோ கார்ட் 8 வந்தும் காப்பாத்த முடியலை. பழகின பெயர் இருந்தா போதும் என்ற கணக்கு அங்கே பொய்யாச்சு.

அதே வீ யூ காலத்தில், ஒரு சின்ன டீம் டோஃபு கட்டி மாதிரி வெள்ளை, கறுப்பு டப்பாக்கள் ஒன்றுமேல் ஒன்று மை அடிச்சுத் தரையைப் பிடிக்கிற ஒரு ப்ரோட்டோடைப் செய்து வெச்சிருந்தது. தரையை உங்க நிறமா மாத்தினா அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம், எதிரியின் நிறத்தில் கால் வெச்சா வேகம் குறையும். இந்த விதிகளுக்குப் பொருத்தமா என்ன உருவம் வைக்கலாம் என்று தேடி, மையைப் பீய்ச்சுற கணவாய் மீனில் வந்து நின்னாங்க. 2015-ல் ஸ்ப்ளட்டூன் பிறந்தது. விதி முதல்ல, முகம் அப்புறம். 2022-ல் ஸ்ப்ளட்டூன் 3 வந்தப்போ ஜப்பானில் மட்டும் முதல் மூணு நாளில் 34 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த டப்பாக்களுக்கு மாரியோ தொப்பி மாட்டி வெளியிட்டிருந்தா, இன்னொரு மாரியோ கேம் கிடைச்சிருக்கும். புதுசா ஒரு ஃப்ரான்சைஸ் கிடைச்சிருக்காது.

2012-க்கு அப்புறம் "நியூ" வரிசையும் மெல்ல அடங்கிடுச்சு. 2013-ல் லூயிஜியை வெச்சு ஒன்று, 2019-ல் பழைய கேமையே ஸ்விட்ச்சுக்கு மாத்தி ஒன்று, அவ்வளவுதான். 2023-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்டரின் பெயரிலேயே "நியூ" இல்லை. ஆனா உள்ளே நிறைய புதுசு. சில லெவல்களில் ஒரு பூவைத் தொட்டா குழாய்கள் புழு மாதிரி நெளியும், மாரியோவே எதிரியா உருமாறுவார்.

சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் மட்டும் சும்மாவா?

தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2014-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு ரீமாஸ்டர். 2022-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு முழு ரீமேக், அதுவும் புது கேம் விலையில். ஒன்பது வருஷத்தில் ஒரே கதை மூணு தடவை! நியாயமாச் சொன்னா, அந்த ரீமேக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்காகக் காட்சிகளை விவரிக்கிற குரல் உட்பட நிறைய வசதிகள் சேர்த்தாங்க. அவங்களுக்கு அது மூணாவது தடவை இல்லை, முதல் தடவை. மத்தவங்களுக்கு?

இன்னொரு வேடிக்கை. 2024-ல் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது சோனியின் ஆஸ்ட்ரோ பாட். அதில் நீங்க காப்பாத்துற குட்டி ரோபோக்களில் நூற்றைம்பதுக்கும் மேல் பழைய கேம் ஹீரோக்களின் வேஷம் போட்டவை. அதில் பலருக்கு வருஷக்கணக்கா சொந்த கேமே இல்லை. ஒரு பக்கம் சில பெயர்களைப் போட்டுத் தேய்க்கிறாங்க, இன்னொரு பக்கம் மீதியை மியூசியத்தில் வெச்சுடுறாங்க. நிண்டெண்டோவும் இதில் சளைச்சதில்லை. எஃப் ஸீரோ ரேஸ் தொடரில் 2004-க்கு அப்புறம் புது கேம் வர 2023 ஆச்சு.

மைக்ரோசாஃப்ட் கதை வேற. 2023 ஜனவரியில் இசையின் தாளத்துக்கே சண்டை போடுற ஹைஃபை ரஷ் என்ற புத்தம்புது கேமை வெளியிட்டாங்க. ஊரே பாராட்டியது. 2024 மே மாதம் அதை உருவாக்கிய டாங்கோ ஸ்டூடியோவை மூடுவதாக அறிவிச்சாங்க. அப்புறம் தென் கொரியாவின் கிராஃப்டன் வாங்கிக் காப்பாத்தியது. ஹேலோவோ இப்போ பிளேஸ்டேஷனுக்கே போகுது. முதல் பாகத்தின் ரீமேக் பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றுக் கொடுத்த பெயர் அது!

"அப்போ புதுசா மட்டும் எடுங்கப்பா" என்று சொல்லிடலாமா? அதுக்கும் பதில் இருக்கு. சோனியின் கான்கார்ட் புது உலகம், புது ஹீரோக்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டே வாரம்! ஏற்கனவே இலவசமாக் கிடைக்கிற ஹீரோ ஷூட்டர்கள் குவிஞ்சு கிடக்கும்போது, அதே மாதிரி ஒன்றை 40 டாலருக்கு யார் வாங்குவாங்க? பெயர் புதுசா இருந்தாலும் விளையாட்டு பழசாத் தெரிஞ்சா இதுதான் நடக்கும். 2012-ன் மாரியோவும் 2024-ன் கான்கார்டும் ஒருவகையில் ஒரே பரீட்சையில்தான் கோட்டை விட்டாங்க.

நம்ம பங்கும் இருக்கு

கம்பெனிகளை மட்டும் திட்டி முடிச்சிடக் கூடாது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்பது 2014 வீ யூ கேமை 2017-ல் ஸ்விட்ச்சுக்கு மாத்தினது. அது 6 கோடிக்கு மேல் விற்றது. அதே 2017-ல் நிண்டெண்டோ ஆர்ம்ஸ் என்ற புது சண்டை கேமையும் விட்டது. கை ஸ்ப்ரிங் மாதிரி நீண்டு குத்தும், நல்ல ஐடியா. ஆனா மாரியோ கார்ட் விற்றதில் ஒரு சின்னப் பங்குதான் விற்றது, இரண்டாம் பாகம் இன்னும் வரலை. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறவர் இந்த இரண்டு எண்ணையும் பார்த்துட்டு என்ன முடிவெடுப்பார்? "வேற புதுசா எதுவும் இல்லையா?" என்று கேட்கிற நாமே, கடையில் பழகின முகத்தைத்தான் கையில் எடுக்கிறோம்.

நம்மைப் பொறுத்தவரை இது சின்னக் காசும் இல்லை. பிளேஸ்டேஷன் 5-ல் சோனியின் ஒரு புது கேம் வாங்க ஆயிரக்கணக்கில் ரூபாய் ஆகும். ஹாஸ்டலில் இருக்கிற பலருக்கு அது ஒரு மாச மெஸ் பில். அதனால அடுத்த தடவை பழைய பெயரில் ஒரு கேம் வந்தா, வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று: ஹீரோவின் பெயரையும் முகத்தையும் எடுத்துட்டா, இந்த கேமைப் பற்றி நண்பனிடம் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கா? மாரியோ 64-ல் இருக்கு. நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2-ல் "காசு நிறைய பொறுக்கலாம்" என்பதோட நின்னுடும்.

இரண்டு: முந்தின பாகம் விளையாடின உங்க விரல்கள் இதில் புதுசா ஏதாவது கத்துக்கணுமா? எதுவும் வேண்டாம்னா, அது சீக்வல் இல்லை, கூடுதல் லெவல்கள்தான். அந்த விலைதான் கொடுக்கணும்.

மூன்று: ரீமாஸ்டர், ரீமேக் என்றால், பழைய கேமை இன்னைக்கு வேற வழியில் விளையாட முடியுமா? முடியாது என்றால் அது ஒரு நூலகப் பணி, வரவேற்கலாம். போன தலைமுறை டிஸ்க்கே இப்பவும் ஓடுது என்றால் கொஞ்சம் யோசிங்க.

என்னைக் கேட்டா, ஆமா, சில பெயர்களை அளவுக்கு மீறித்தான் பயன்படுத்துறாங்க. ஆனா அந்த அளவை வருஷத்துக்கு எத்தனை கேம் என்று எண்ணி முடிவு பண்ண முடியாது. மாரியோ இன்னும் இருபது தடவை வரட்டும், ஒவ்வொரு தடவையும் புது விதியோட வந்தா கதவைத் திறந்து வைப்போம். ஆனா அவர் வரும்போது, வாசலில் நிற்கிற ஃப்ளஃபையும் கிரிஸ்டலையும் தள்ளிட்டு வரக் கூடாது.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் ஏற்கனவே யூனிட்டியிலோ கோடோவிலோ ஏதாவது செஞ்சு பார்த்துக்கிட்டு இருப்பீங்க. என்றைக்காவது ஒரு மீட்டிங்கில், "ஐடியா சூப்பர், ஆனா நம்ம பழைய ஹீரோவை வெச்சே எடுத்துடலாமே" என்று யாராவது சொல்லுவாங்க. அப்போ அந்த கணவாய் மீனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. உடனே தலையாட்டிடாதீங்க.